சீட்டுக்கட்டு அளவில் ஒரு கணினி



நமது டெங்கிலுக்குப் பக்கத்தில் புத்ராஜெயாவும் சைபர்ஜெயாவும் இருக்கின்றன. அந்த இடம் முன்பு எப்படி இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். புத்ராஜெயா நிற்கும் மண்ணில் பிராங் புசார் தோட்டம் இருந்தது. பெயர்பெற்ற பிபி 86 என்ற ரப்பர் இனம் அங்கேதான் உருவானது. பிபி என்பதே அந்தத் தோட்டப் பெயரின் சுருக்கம். 1995-இல் புதிய நகரத்தின் வேலை தொடங்கியபின், அந்தப் பகுதித் தோட்டங்களை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் பல டெங்கிலில் வந்து குடியேறின. பக்கத்தில் எழுந்த சைபர்ஜெயாவோ கணினித் தொழிலுக்கென்றே அமைந்த நகரம். அதன் வாயிலில் காவல் நிற்பதும் நேர்மையான வேலைதான். ஆனால், உள்ளே அமர்ந்து வேலை செய்ய நம் பிள்ளைகளுக்கும் ஒரு வழி வேண்டாமா?

நாங்கள் ஆசிரியர்கள் வருந்தி நினைக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கைப்பேசி வழியே நடந்தன. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் வரவே இல்லை. ‘வரவில்லை’ என்று குறித்து வைத்தோம். பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே கைப்பேசி. அதுவும் தகப்பனார் வேலைக்குக் கொண்டுபோவது. பிள்ளை சோம்பேறி அல்லன். கருவிதான் இல்லை. அதை முன்பே விசாரிக்காதது எங்கள் குறை.

விலையுயர்ந்த மடிக்கணினியைத் தவணையில் வாங்கிக் கடன்படுவதைத் தவிர வேறு வழி உண்டா? உண்டு. அதுதான் ஒற்றைப் பலகைக் கணினி.

கணினிக்குள் என்ன இருக்கிறது? தோட்ட அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடுபவர் கிராணி. அவர் அப்போதைக்கு விரித்து வைத்திருக்கும் மேசை ஒன்று. பழைய கணக்கேடுகளைப் பூட்டி வைக்கும் அலமாரி ஒன்று. கணினியில் கிராணியின் வேலையைச் செய்வது செயலி. மேசை என்பது தற்காலிக நினைவகம். அலமாரி என்பது சேமிப்பகம். ஒற்றைப் பலகைக் கணினியில் செயலி, நினைவகம், இணைப்புத் துளைகள் எல்லாம் ஒரே பலகையில் பதிக்கப்பட்டிருக்கும். அலமாரிக்குப் பதில், கைப்பேசியில் போடுகிறோமே, அந்தச் சிறிய நினைவட்டை. மொத்தமும் ஒரு சீட்டுக்கட்டு அளவுதான்.

இவற்றில் புகழ்பெற்றது ராஸ்பெரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எபென் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். கணினி படிக்க வரும் மாணவர்களுக்குக் கணினியை இயக்கத் தெரிந்தது. அதற்குக் கட்டளை எழுதத் தெரியவில்லை. பிள்ளைகள் பயமின்றிக் கழற்றி மாட்டிப் பழக மலிவான கணினி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 2012 பிப்ரவரி 29-இல் அது விற்பனைக்கு வந்தபோது விலை 35 அமெரிக்க டாலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 100 வெள்ளி. 2015-இல் 5 டாலருக்கே சிறியதொரு வகையை வெளியிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இந்தக் கணினிகள் இரண்டு, பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டளைகளை இயக்குவதற்காக, அனைத்துலக விண்வெளி நிலையத்திற்கே அனுப்பப்பட்டன.

விலை மலிவு என்றதும் ஏமாந்துவிடக் கூடாது. பலகை மட்டும் போதாது. மின்னூட்டி, நினைவட்டை, விசைப்பலகை, சுட்டி, இணைப்புக் கம்பி ஆகியவையும் வேண்டும். திரைக்கு வீட்டிலுள்ள தட்டைத் தொலைக்காட்சியே போதும். மாலை நாடக நேரத்தில் மட்டும் அம்மாவோடு சமாதானம் பேசிக்கொள்ள வேண்டும்! பலகையின் விலையும் நிலையாக இருப்பதில்லை. 2021, 2022 ஆண்டுகளில் சில்லுத் தட்டுப்பாட்டால் சிலர் பல மடங்கு விலை வைத்து விற்றார்கள். ஆகவே, எல்லாச் சாமான்களையும் கூட்டிக் கணக்குப் பார்த்தபின் வாங்குங்கள். நல்ல நிலையில் ஒரு பழைய கணினி அதைவிடக் குறைவாகக் கிடைத்தால், வீட்டுப்பாடத்திற்கு அதுவே மேல்.

இதனால் என்ன பயன்? முதலாவது, படிப்பு. கட்டுரை தட்டச்சு செய்யலாம். கணக்குப் பட்டியல் போடலாம். தமிழிலும் எழுதலாம். இதற்கான லினக்ஸ் இயங்குதளம் இலவசம். ‘ஸ்கிராட்ச்’ என்ற விளையாட்டுப் போன்ற மென்பொருளில் சிறுவர்கள் கட்டைகளை அடுக்குவதுபோல் கட்டளைகளை அடுக்கிப் பழகலாம்.

இரண்டாவது, நூலகம். இணையம் சரியாக எட்டாத இடங்களுக்கு இது பெரிய உதவி. ‘கிவிக்ஸ்’ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தமிழ் விக்கிப்பீடியாவின் படியை இந்தப் பலகையில் சேமித்து வைத்தால், அருகிலுள்ள கைப்பேசிகள் இணையக் கட்டணமின்றி அதைப் படிக்கலாம்.

மூன்றாவது, கருவிகளை இயக்குவது. பலகையின் ஓரத்தில் வரிசையாக ஊசிகள் இருக்கும். அவற்றில் உணர்கருவிகளை இணைத்து மண்ணின் ஈரத்தையோ தண்ணீரின் உயரத்தையோ அளக்கலாம். 2021 டிசம்பரில் சிலாங்கூரைத் தாக்கிய வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. வாய்க்கால் நீர் ஏறினால் மணியடிக்கும் கருவியை மாணவர்களே செய்து பழகலாம். அது பாடத்திற்குத்தான், அதிகாரிகளின் எச்சரிக்கைக்கு மாற்று ஆகாது.

இன்னும் எளிதாகத் தொடங்க விரும்புவோருக்கு மைக்ரோபிட் உண்டு. 2016-இல் பிரிட்டனில் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 10 லட்சம் மைக்ரோபிட்டுகள் இலவசமாகத் தரப்பட்டன. அதில் 25 சிறு விளக்குகளும் இரண்டு பொத்தான்களும் உண்டு. இரண்டு சிறு மின்கலங்களில் இயங்கும். அது முழுக் கணினி அன்று. கைப்பேசியிலோ கணினியிலோ கட்டளை எழுதி அதற்கு அனுப்ப வேண்டும்.

சில எச்சரிக்கைகள். பலகையின் ஊசிகள் 3.3 வோல்ட் போன்ற சிறு மின்னழுத்தத்தையே கையாள்பவை. வீட்டுச் சுவர் மின்சாரத்தை அவற்றோடு ஒருபோதும் இணைக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து. அந்தந்த வகைக்குரிய மின்னூட்டியையே பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் முறைப்படி நிறுத்திய பிறகே மின்சாரத்தை அணையுங்கள். இல்லாவிடில் நினைவட்டையில் உள்ளவை கெட்டுப்போகலாம்.

ஒரு வீட்டால் முடியாததை நான்கு வீடுகள் சேர்ந்து செய்யலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசிப் பாருங்கள். கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ ஒரு தொலைக்காட்சியும் இரண்டு பலகைகளும் இருந்தால், வாரத்தில் இரண்டு மாலை பிள்ளைகள் முறைவைத்துப் பழகலாம். பெண் பிள்ளைகளுக்கும் முறையில் சம பங்கு கொடுங்கள். உங்களுக்குத் தெரியாதே என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, “இது எப்படி வேலை செய்கிறது, சொல் பார்க்கலாம்” என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல முயலும்போது, பிள்ளைக்கும் பாடம் தெளிவாகும்.

முன்னே சொன்ன அந்த மாணவனைப் போல இன்னொரு பிள்ளையின் பெயருக்கு நேரே, கருவி இல்லாத ஒரே காரணத்தால், ‘வரவில்லை’ என்று நாங்கள் எழுதும் நாள் மீண்டும் வரக்கூடாது. அதற்கு உங்கள் துணை வேண்டும்.