பரிசோதனைத் தாளை அறிந்து படிப்போம்
(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியோ போனஸைப் பற்றியோ பேச நான் இன்று எழுந்து நிற்கவில்லை. நான் செய்த தவறு ஒன்றைச் சபையில் ஒப்புக்கொள்ளவும், அதனால் கற்றதைச் சொல்லவுமே வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு நம் தோட்டத்து அண்ணன் ஒருவருக்கு, மேட்டு நிரையில் பால் வாளியைச் சுமந்து ஏறும்போதெல்லாம் நெஞ்சை அடைத்தது. நின்றால் விட்டுவிடும். பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் செய்தார்கள். அந்தத் தாளை ஆபீசுக்குக் கொண்டு வந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார். முடிவு என்ற இடத்தில் "பாசிட்டிவ்" என்று இருந்தது. "நல்லதாத்தான் இருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டேன். அவரும் மகிழ்ந்து, பெரட்டு தவறினால் கூலி போகுமே என்று அடுத்த தேதிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டார். ஆறு வாரம் கழித்து நிரையிலேயே சுருண்டு விழுந்தார். உயிர் பிழைத்தார், இதோ முன்வரிசையில் இருக்கிறார். ஆனால் அவர் இருதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது.

கணக்கு எழுதத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று நீங்கள் நம்பினீர்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அண்ணன் விலை கொடுத்தார். பிறகுதான் டாக்டர்களிடம் கேட்டும் புத்தகம் பார்த்தும் இவற்றைத் தெரிந்துகொண்டேன்.

ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்பது மனக்கவலையைச் சோதிப்பதன்று. இருதயத்துக்கு வேலை கொடுத்துப் பார்ப்பது. இருதயமும் ஒரு தசைதான். அதற்கும் இரத்தம் வேண்டும். அந்த இரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்து, கட்டிப்பால் அடைத்த குழாய்போல வழி குறுகிவிட்டால், உட்கார்ந்திருக்கும்போது வரும் இரத்தம் போதும்; மேடு ஏறும்போது போதாது. அதனால்தான் படுக்க வைத்து எடுக்கும் இ.சி.ஜி. நன்றாக இருந்தாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே ஓடுபட்டையில் நடக்க விடுகிறார்கள். பல இடங்களில் பின்பற்றும் புரூஸ் முறையில், மணிக்கு 1.7 மைல் வேகத்தில், 100 அடிக்கு 10 அடி உயரும் சரிவில் தொடங்கி, 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டுவார்கள். 220இல் வயதைக் கழித்து, அதில் நூற்றுக்கு 85 பங்கு நாடித்துடிப்பை எட்ட வேண்டும். 50 வயதுக்காரருக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 145.

முடிவில் மூன்று சொற்களில் ஒன்று இருக்கும்.

"பாசிட்டிவ்" என்றால் நல்லது என்று பொருளன்று. வேலை கூடியபோது இருதயத்துக்கு இரத்தம் போதாத அடையாளம் தெரிந்தது என்று பொருள். இ.சி.ஜி. கோட்டின் ஒரு பகுதி 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கீழே இறங்குவது அப்படியோர் அடையாளம். இதனால் நோய் உறுதி என்றும் ஆகாது. நோயில்லாதவர் நால்வரில் ஏறத்தாழ ஒருவருக்கு இப்படி வருவதுண்டு. ஆனால் மேற்கொண்டு பார்த்தே தீர வேண்டும்.

"நெகட்டிவ்" என்றால் அந்த அடையாளம் தெரியவில்லை என்று பொருள். அது நற்செய்தி, ஆயினும் ஆயுள் சீட்டு அன்று. நோயுள்ள மூவரில் ஏறத்தாழ ஒருவரை இந்தச் சோதனை தவறவிடும். பிறகு நெஞ்சு வலித்தால் "டெஸ்ட் நெகட்டிவ்தானே" என்று படுத்துவிடக் கூடாது.

"இன்கன்குளூசிவ்" என்றால் முடிவு சொல்ல முடியவில்லை. முழங்கால் வலியால் பாதியில் நின்றிருக்கலாம். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டிருக்கலாம். வேறு சோதனை வேண்டும். மாத்திரையை நிறுத்துவதா என்பதை டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்தது எக்கோ. ஒலி அலையால் எடுக்கும் படம். அதில் "ஈ.எஃப். 60" என்று பார்த்த ஓர் அக்கா, இருதயத்தில் 40 பங்கு கெட்டுவிட்டது என்று அழுதார். இது பள்ளிக்கூட மார்க்கு அன்று. இருதய அறையில் நிறைந்த இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. எந்த நல்ல இருதயமும் முழுவதையும் தள்ளாது. 55 முதல் 70 வரை நல்ல அளவு. 40உம் அதற்குக் கீழும் பலவீனம்.

சிலருக்குச் சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசி வழி ஏற்றி, உழைப்பின் போதும் ஓய்வின் போதும் படம் எடுப்பார்கள். உழைக்கும்போது இரத்தம் குறைந்து, ஓய்வில் நிறையும் இடம் "ரிவர்சிபிள்": தசை உயிரோடு இருக்கிறது, பட்டினி கிடக்கிறது. இரண்டிலும் குறைந்தே இருக்கும் இடம் "பிக்சட்": பெரும்பாலும் அது பழைய தழும்பு. அண்ணனுடைய தாளில் இன்று இந்த இரண்டாவது சொல் இருக்கிறது. நான் சரியாகப் படித்திருந்தால் அது இல்லாமலே போயிருக்கலாம்.

இந்த எச்சரிக்கை நமக்கு ஏன் கூடுதலாக வேண்டும்? இந்நாட்டில் நீரிழிவு இந்தியரிடையே மிகுதி. நீரிழிவு உள்ளவர்க்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலி இல்லாமலே மூச்சு வாங்குதல், மிகுந்த களைப்பு, தாடையிலோ முதுகிலோ வலி என்று மட்டும் வரலாம். "வயசாயிட்டது, வேலை அலுப்பு" என்று தள்ளிவிடாதீர்கள். ஓய்விலும் விடாத வலியோடு வேர்வை கொட்டினால் காலைவரை காத்திருக்க வேண்டாம், 999ஐ அழையுங்கள்.

கூலி போகுமே என்கிறீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சீட்டு இருந்தால் ஆண்டுக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: ஈராண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குக் குறைந்தால் 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அனுமதியின்றி வராதவர் என்று கணக்காகும். வேலையே செய்ய முடியாதபடி நோய் முற்றியவருக்கு, சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொக்சோ உதவி உண்டு. இவை யாரும் போடும் பிச்சையல்ல, நம் உரிமை.

தோழர்களே, கிளைக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். ஒன்று: சோதனைக்குப் போகிறவரோடு வீட்டார் ஒருவரோ கிளை உறுப்பினர் ஒருவரோ கூடப் போக வேண்டும். இரண்டு: "இதன் பொருள் என்ன? அடுத்து நான் என்ன செய்ய வேண்டும்? எப்போது வர வேண்டும்?" என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் டாக்டர் அறையை விட்டு எழக் கூடாது. மூன்று: ஆபீசுக்குத் தாள் வந்தால், என் போன்ற கிராணிகள் தேதியையும் பெயரையும் படித்துச் சொல்லலாம், முடிவுக்குப் பொருள் சொல்லக் கூடாது. "எனக்குத் தெரியாது அண்ணே, வாங்க, டாக்டரிடமே கேட்போம்" என்று எழுந்து கூடப் போக வேண்டும்.

அன்று நான் அப்படி எழுந்து போகவில்லை. இனி எழுவேன் என்று அண்ணன் முன்னிலையில் சொல்லி அமர்கிறேன்.