வீட்டுப் பந்தலில் கொடித்தோடை
(அம்பத்தூரை அடுத்த ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நெல்லைப் பற்றியும் கடலையைப் பற்றியும் பேச என்னிலும் தகுந்தவர்கள் இச்சபையில் பலர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது கொல்லைப்புறத்துக் கொடி ஒன்றைப் பற்றியே. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களில் ஏரிப் பாசன நிலங்களில் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது. ஆயினும் மதிலோரத்தில் நாலு முழ நிலமும் மொட்டை மாடியில் வெயிலும் நம்மில் பலருக்கு மிஞ்சியிருக்கின்றன. இக்கொடிக்கு அவ்வளவு இடம் போதும். ஆனால் இதனை வைத்தவர்களில் பலர், பந்தல் நிறையப் பூவைக் கண்டும் ஒரு பிஞ்சைக்கூடக் காணாமல், மனம் சலித்து வெட்டி எறிந்திருக்கிறார்கள். வெட்டுவதற்குக் கத்தியை எடுத்தவர்களில் அடியேனும் ஒருவன்.

கடைகளில் இதனைப் பேஷன் ஃப்ரூட் என்கிறார்கள். நமது மலைப்பக்கங்களில் தாட்பூட் பழம் என்று சொல்வதுண்டு. இலங்கைத் தமிழர்கள் கொடித்தோடை என்கிறார்கள். ஆரஞ்சுப் பழத்தை அவர்கள் தோடம்பழம் என்பதால், கொடியில் காய்க்கும் தோடை என்பது அதன் பொருள். எனக்கு அந்தப் பெயரே பிடித்திருக்கிறது. இதன் தாயகம் தென் அமெரிக்கா. அங்கே சென்ற ஸ்பானியப் பாதிரிமார்கள் இதன் குலத்துப் பூவிலே இயேசுநாதரின் முள்முடியையும் மூன்று ஆணிகளையும் ஐந்து காயங்களையும் கண்டு, அவர் பட்ட பாடுகளின் பெயரையே பூவுக்கு இட்டார்கள். நம் வேலியோரங்களில் வலைபோன்ற உறைக்குள் சிறு மஞ்சள் பழம் பழுக்கும் சிறுபூனைக்காலியும் இதன் உறவே. பள்ளிப் பிள்ளைகள் அதைப் பறித்துத் தின்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

கொடித்தோடையில் முக்கியமாக இரண்டு வகைகள் உண்டு. ஊதாப்பழ வகை நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களுக்கு உரியது. மஞ்சள்பழ வகை சமவெளியின் வெப்பத்தைத் தாங்கும். இரண்டையும் கலந்து, குடகு நாட்டுச் செட்டள்ளியிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் காவேரி என்னும் ஒட்டுவகையை உண்டாக்கியிருக்கிறார்கள். நம் ஊருக்கு மஞ்சளே ஏற்றது. தண்டிலும் பற்றுக்கம்பியிலும் செந்நிறச் சாயல் இருந்தால் அது மஞ்சள் வகையென்று ஒருவாறு அறியலாம்.

நான் முதலில் வைத்தது மஞ்சள் வகைதான். ஓராண்டிலே மதிலை மூடிப் பந்தலேறிப் பூத்துக் குலுங்கியது. ஒரு பூவும் நிற்கவில்லை. எல்லாம் இரண்டொரு நாளில் காம்போடு உதிர்ந்தன. எருவைக் கூட்டினேன், இலைதான் பெருத்தது. என் கொடியைப் பார்த்து ஆசைப்பட்ட அண்டை வீட்டுக்காரருக்கும் அதிலிருந்தே குச்சி வெட்டிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் இரண்டு வீட்டிலும் பூ. இரண்டு வீட்டிலும் காயில்லை. கத்தியோடு போன என்னை, "நிழலுக்காவது இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று என் மனைவியார் தடுத்திராவிட்டால் இன்று இங்கே பேச விஷயமே இராது.

காரணம் பிற்பாடுதான் விளங்கியது. மஞ்சள் வகையின் பூ தன் கொடியின் மகரந்தத்தை ஏற்பதில்லை. பங்காளி வீட்டில் பெண் எடுக்காத நமது வழக்கத்தைப் போன்ற ஒரு கட்டுப்பாடு அதற்கு இயற்கையிலேயே இருக்கிறது. நான் அண்டை வீட்டாருக்குக் கொடுத்ததோ பங்காளிகூட அன்று. குச்சியில் வளர்ந்த கொடி தாய்க்கொடியின் மற்றோர் உடலே. ஒரே கொடியிலிருந்து நூறு குச்சி வெட்டித் தெரு முழுவதும் நட்டாலும் அது ஒற்றைக் கொடிதான். பூவிருந்தவல்லி நண்பர் ஒருவர் வீட்டுப் பழத்திலிருந்து விதையெடுத்து இரண்டு கன்றுகள் வளர்த்து அருகே ஏற்றினேன். அவை பூத்த வருஷமே என் பழைய கொடியிலும், அண்டை வீட்டாரின் கொடியிலும் காய் பிடித்தது.

வேறு கொடி இருந்தால் மட்டும் போதாது. மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பவர் யார்? இதன் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறவாது. தேனீ சிறியது, அது சூல்முடியைத் தொடாமலே மகரந்தத்தை வாரிக்கொண்டு போய்விடும். உழைப்பாளி என்று நாம் புகழும் தேனீ இந்த வீட்டில் திருடன்தான். காய்ந்த கட்டையிலும் மூங்கிலிலும் துளையிட்டுக் குடியிருக்கும், நீலம் மினுக்கும் இறகுடைய பெரிய கருவண்டு ஒன்றுண்டே, அதன் முதுகுதான் சரியான உயரம். உத்தரத்தைத் துளைக்கிறதென்று அதனை விரட்டுகிறோம். கொல்லையின் மூலையில் பழைய மூங்கிலோ மட்கிய கட்டையோ ஒன்றை அதற்கென்று விட்டுவையுங்கள். பூக்காலத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

வண்டு வராத தெருவில் கையே வண்டாக வேண்டும். உலகிலேயே அதிகமாக இப்பழத்தை விளைவிக்கும் பிரேசில் நாட்டில், பெரிய தோட்டக்காரர்கள் ஆட்களை வைத்து இவ்வேலையைச் செய்விக்கிறார்கள். மஞ்சள் வகைப் பூ உச்சிப்பொழுதை ஒட்டி மலர்ந்து இரவில் மூடிக்கொள்ளும், பிறகு திறவாது. மலர்ந்தவுடன் நடுவிலுள்ள மூன்று சூல்முடிகளும் மேல்நோக்கி நிற்கும். ஒரு மணி நேரத்தில் வளைந்து கீழே தாழும். தாழ்ந்தபின் விரல்நுனியால் ஒரு கொடியின் மகரந்தத்தை எடுத்து வேறு கொடியின் பூவில் அம்மூன்று முடிகளிலும் தடவ வேண்டும். பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் மாலையில் கால்மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். மழை பட்ட மகரந்தம் வெடித்துக் கெட்டுவிடும். அன்று சும்மா இருக்கலாம்.

இனிப் பயிர் வைக்கும் முறை. கன்றை ஆடி ஆவணியில் நடுவது நன்று. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் எப்படி ஜலம் தேங்குமென்று 2015-ம் வருஷ வெள்ளத்தைக் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இக்கொடியின் வேர் தேங்கிய நீரில் அழுகிவிடும். ஆகவே குழியை எடுத்துத் தொழு எருவும் சிறிது வேப்பம் பிண்ணாக்கும் மண்ணோடு கலந்து நிரப்பி, தரைமட்டத்திற்கு ஒரு சாண் உயர மேடாக்கி அதன்மேல் நடுங்கள். கோடையில் வேர் காய விடலாகாது. சருகு பரப்பி ஈரத்தைக் காக்கவும். வேர் மேலோடியாகையால் அருகில் கொத்தக் கூடாது. கத்திரி வெயிலில் பூ குறைந்தால் கவலை வேண்டாம்.

பந்தலைப் பலமாகப் போடுங்கள். 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ம் தேதி வார்தா புயலில் வேரோடிய மரங்களே சாய்ந்தன. காயோடு கனத்த கொடிக்குச் சாமான்யக் கழி நில்லாது. ஒற்றைத் தண்டாகப் பந்தல்வரை விட்டு, மேலே நுனி கிள்ளிப் படர விடுவதே முறை. புதிய தளிரில்தான் பூ வருமாதலால், ஒரு காய்ப்பு முடிந்ததும் பழைய கிளைகளைக் கவாத்து செய்யவும். நாலைந்து வருஷத்தில் கொடி தளர்ந்துவிடும். அதற்குமுன் அடுத்த கன்று தயாராக இருக்க வேண்டும்.

காய் பிடித்து இரண்டு, இரண்டரை மாதத்தில் பழுக்கும். பறிக்க வேண்டாம், பழுத்தது தானே உதிரும். கீழே வைக்கோல் பரப்பி வைத்துக் காலைதோறும் பொறுக்குங்கள். தாமதித்தால் அணிலுக்கும் எலிக்கும் ஆகும். தோல் சுருங்கியதைக் கெட்டதென்று எறிய வேண்டாம். அதில்தான் புளிப்பு அடங்கி இனிப்பு தூக்கும். சதையை வடிகட்டி நீரும் சர்க்கரையும் சேர்த்தால் கோடைக்கு நல்ல பானம். ஒரு எச்சரிக்கை: பச்சைக் காயையும் இலையையும் பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள். மரவள்ளியில் உள்ளது போன்ற நஞ்சு அவற்றில் உண்டு.

நம் பக்கத்துக்குக் கூட்டுறவு புதிதன்று. 1904-ம் வருஷத்திலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாய நாணயச் சங்கம் தோன்றியது. பணத்தைக் கூட்டிவைத்து வாங்கிக்கொண்ட நாம் கொடியையும் அவ்வாறு செய்யலாம். எந்தத் தெருவில் எந்தக் கொடியின் குச்சி போயிருக்கிறது என்று சங்கத்து நோட்டில் ஒரு பக்கம் எழுதிவைத்தால், ஒரே கொடியை ஊரெல்லாம் நட்டு ஏமாற மாட்டோம். நாம் குறையாகச் சொல்லும் ஒட்டிய மதில்கள் இதற்கு உதவியே. வண்டுக்கு மதில் ஏது?

வாசலருகே இரண்டு கூடைகளில் பழம் வைத்திருக்கிறேன். இடப்பக்கத்துக் கூடை என் பழைய கொடியினது. வலப்பக்கத்தது அம்பத்தூர் நண்பர் வீட்டினது. போகும்போது ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். தின்றபின் விதைகளைக் கழுவி நிழலில் உலர்த்தி, எந்தக் கூடை என்று பொட்டலத்தின்மேல் எழுதி, தனித்தனித் தொட்டியில் விதையுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும்.