இரத்தப் புற்றுநோயும் ஊசி மருந்தும் (போடிநாயக்கனூர்ச் சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஓர் ஊசி மருந்தின் சங்கதி. ஏலக்காயைக் கையில் உருட்டி, பருமனும் நிறமும் பார்த்த பிறகே விலை சொல்லுகிற ஊர் இது. அப்பேர்ப்பட்ட ஊரில் பிள்ளைக்கு விடாத காய்ச்சல், முகவெளுப்பு, எலும்பு வலி, அடிபடாமலே தோலில் இரத்தக்கட்டு என்று கண்டால் மாத்திரம், எதையும் சோதியாமல் கோடாங்கியிடம் ஓடுவது என்ன நியாயம்? உடுக்கை இரத்த அணுக்களை எண்ணுமா? அது எண்ணுவதெல்லாம் தட்சணையைத்தான்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகமாகக் காண்பது லிம்போபிளாஸ்டிக் லுகேமியா. எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணுக்கள் முற்றாமலே கணக்கின்றிப் பெருகுவதுதான் வியாதி. முற்பிறவிப் பாவத்துக்கு இதில் ஒரு வேலையுமில்லை.

1953-ல் நியூயார்க்கில் ஜான் கிட் என்பவர், கினிப்பன்றியின் சீரத்தைச் செலுத்தினால் எலிகளின் சில நிணக்கட்டிகள் கரைவதைக் கண்டார். அதைச் செய்வது அஸ்பராஜினேஸ் என்னும் நொதியே என்று 1961-ல் ஜான் புரூம் காட்டினார். ஆனால் எத்தனை கினிப்பன்றியைக் கொன்று எத்தனை பேருக்குக் கொடுப்பது? ஈ. கோலி என்ற கிருமியின் நொதியும் அதே வேலையைச் செய்யும் என்று 1964-ல் தெரிந்தது. அக்கிருமி வசிப்பது மனிதக் குடலில். வேதம் ஓதுகிறவர் குடலிலும் தெருக்கூட்டுகிறவர் குடலிலும் அது பேதமின்றி வசிக்கிறது. தீட்டுப் பார்க்கிறவர்கள் இந்த மருந்தை எந்தக் கணக்கில் சேர்ப்பார்களோ!

இது வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்து, காய்கறி லாரி மேலே ஏறவில்லை என்று வையுங்கள். கொல்லையில் தோட்டம் உள்ளவன் பிழைப்பான். சந்தையையே நம்பியவன் பட்டினி கிடப்பான். நம் நல்ல அணுக்கள் அஸ்பராஜின் என்ற சத்தைத் தாமே தயாரித்துக்கொள்ளும். இந்நோயணுக்களுக்கோ பெரும்பாலும் அந்தச் சாமர்த்தியமில்லை. இரத்தத்தில் ஓடுவதை உறிஞ்சியே வாழவேண்டும். ஊசி அந்தச் சரக்கைச் சிதைத்துவிடுகிறது. நோயணு பட்டினியால் சாகிறது.

இந்த ஒரே ஊசியால் குணமாகிவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் முதலிய மருந்துகளும் சேரவேண்டும். (அதற்காக இலையை அரைத்துக் குடித்துவிடாதீர்கள், அது விஷம்.) ஒவ்வாமை, கணைய வீக்கம், இரத்த உறைவு ஆகிய தொல்லைகளும் உண்டு. ஆகையால் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இதைப் போடவேண்டும். கம்பெனி லேபிளையும் நாம் வேதவாக்காகக் கொள்ளவேண்டியதில்லை. நம் நாட்டில் விற்ற சில மலிவுச் சரக்குகளில் எழுதியுள்ள வீரியம் இல்லையென்று வைத்தியர்களே சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். சர்க்கார்தான் அதைச் சோதித்து வாங்கவேண்டும்.

முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கண்டார். 1984-ல் வகுத்த எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையை அடையாறும், பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியும், டில்லி எய்ம்ஸும் கைக்கொண்டன. இந்த ஊசியும் அதில் ஒன்று. அதற்குமுன் அநேகமாகச் சாவென்றே இருந்த வியாதியில் பல பிள்ளைகள் பிழைத்தார்கள். இன்று செல்வ நாடுகளில் 100-க்குச் சுமார் 90 பிள்ளைகள் குணமடைகிறார்கள்.

இங்கே ஏன் அவ்வளவு இல்லை? ஒரு மாதத்தில் காய்ச்சல் போய், பிள்ளை ஓடியாடுகிறது. “சாமி கண் திறந்துவிட்டது” என்று வீட்டுக்கு அழைத்துவந்துவிடுகிறார்கள். சிகிச்சையோ இரண்டு வருஷத்துக்கும் மேல். பாதியில் விட்டால் நோய் திரும்பும். மூடத்தனம் மட்டுமே காரணமென்று சொன்னால் அது அநியாயம். தோட்டக்கூலி ஒருநாள் மலையேறாவிட்டால் அன்று கூலியில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மருந்துச் செலவுக்கு உதவலாம். வீட்டு அடுப்பை யார் எரிப்பது?

தோழர்களே! சித்திரைப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்க நம் ஊர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவ்வருஷம் அதே நோட்டில் இன்னொரு பக்கம் திறவுங்கள். சிகிச்சைக்குப் போகும் பிள்ளையின் வண்டிச் சத்தத்தையும், துணைபோகும் தாயின் கூலியையும் அதில் எழுதுங்கள். சாமியாடிக்கு ஒதுக்கும் தொகையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.