ஒத்தியும் கிரயமும் போல இரு சொற்கள்

நெருங்கிய பொருளுள்ள இரண்டு ஆங்கிலச் சொற்களை எடைபோட அகராதி மட்டும் போதாது. அவை எந்தப் பத்திரத்தில், எதற்காக எழுதப்பட்டன என்றும் பார்க்க வேண்டும். காரைக்கால்காரர்கள் அதற்கான உதாரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்களித்த 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். நவம்பர் 1-இல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் நான்கின் நிர்வாகமும் இந்தியாவின் கைக்கு வந்தது. அதைக் குறித்த சொல் ‘டிரான்ஸ்ஃபர்’. 1956 மே 28-இல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் சொல்லோ ‘செஷன்’. செஷன்ஸ் கோர்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு நாடு தன் மண்மீதுள்ள இறையாண்மையை இன்னொரு நாட்டுக்கு முழுதாக விட்டுக்கொடுப்பதுதான் இது.

தமிழில் இரண்டையும் ‘ஒப்படைப்பு’ என்று எழுதிவிடலாம். ஆனால் டெல்டாவில் நிலம் வைத்திருப்பவருக்கு வேறுபாடு சட்டென்று பிடிபடும்: ஒத்திக்கு வாங்கியவர் உழுது அறுக்கலாம், பட்டா அவர் பேருக்கு மாறாது, அதற்குக் கிரயம் ஆக வேண்டும். அல்ஜீரியப் போர் முடிந்த பிறகே பிரெஞ்சு நாடாளுமன்றம் உடன்படிக்கைக்கு ஒப்புதல் தந்ததால், அது நடைமுறைக்கு வந்த 1962 ஆகஸ்ட் 16 வரை நம் ஊரின் நிலை ஒத்தி நிலம் போலத்தான் இருந்தது. 1961-இல் ஒரு பஸ் பெர்மிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடமே விளக்கம் கேட்டது. புதுச்சேரி இன்னும் இந்திய ஆட்சிப்பரப்பில் சேரவில்லை என்றுதான் பதில் வந்தது.

இதெல்லாம் வக்கீல்களின் சொல் விளையாட்டு, மக்களுக்கு 1954-லேயே விடுதலை கிடைத்துவிட்டதே என்று கேட்கலாம். அன்றாட வாழ்வைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. குடியுரிமை என்று வரும்போது நிற்காது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் அதை வைத்துக்கொண்டார்கள். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த மற்றவர்கள் இந்தியர் ஆனார்கள். அந்த ஆறு மாதம் 1962-இல்தான் தொடங்கியது. காரைக்காலில் இன்றும் பிரெஞ்சுத் தேர்தலுக்கு வாக்களிக்கும் குடும்பங்கள் இருப்பதற்கு ‘செஷன்’ என்ற இந்தச் சொல்லே வேர். ‘சட்டப்பூர்வ’ என்ற அடைமொழி போட்டால் போதாதா என்றும் கேட்கலாம். ஆகஸ்ட் 16-ஐ நாம் ‘சட்டப்பூர்வ பரிமாற்ற நாள்’ என்கிறோம். அடைமொழி சரி, பெயர்ச்சொல் தவறு: அன்று எதற்கு ஈடாகவும் எதுவும் பரிமாறப்படவில்லை, உரிமை ஒரு பக்கமாகவே வந்தது. பள்ளி ஆசிரியர்களும் பத்திரிகைக்காரர்களும் நவம்பர் 1-ஐ நிர்வாகம் வந்த நாள் என்றும், ஆகஸ்ட் 16-ஐ உரிமை வந்த நாள் என்றும் பிரித்தே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.