பேணுதல் என்னும் அகத்தவம்

(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமண நெறி தவத்தைப் புறத்தவம், அகத்தவம் என இரண்டாகப் பகுக்கிறது. உண்ணா நோன்பு புறத்தவத்தைச் சேர்ந்தது. பிணியுற்றோரை அருகிருந்து பேணும் வையாவிருத்தியமோ, தியானத்துடனும் சுவாத்தியாயத்துடனும் ஒருங்கே வைத்து அகத்தவம் ஆறனுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. துறவியர்க்குச் செய்யும் தொண்டாகவே நூல்கள் இதனை முதன்மையாகக் கூறும். ஆயினும், வீட்டை விட்டு வந்து இல்லங்களில் வாழும் முதியோரையும் உடல் இயங்காதோரையும் பேணுவோர்க்கும் இச்சொல் பொருந்தும்.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியைப் பலரும் அறிவர். அவ்வூரில் பிறந்த எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975ஆம் ஆண்டு கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின் பொருட்டுப் பெங்களூர் சென்றார். தேர்வின்போது கீழே விழுந்ததில் கழுத்துப் பகுதித் தண்டுவடம் சிதைந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போயிற்று. தமக்கு மருத்துவம் செய்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரைத் தாங்கிய அமர் சேவா சங்கத்தை 1981இல் சொந்த ஊரிலேயே தொடங்கினார். அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டு அது. பின்னாளில், தசைச் சிதைவு நோய்க்கு ஆளான பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் அவருடன் இணைந்தார். 2020இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பள்ளி, இயன்முறை மருத்துவம், தண்டுவடம் பாதிக்கப்பட்டோர்க்கான மறுவாழ்வு மையம் எனச் சங்கம் விரிந்துள்ளது.

இவ்வளர்ச்சியைப் பலர் பேசியுள்ளனர். இங்கே கருத வேண்டியது வேறொன்று. நீர் வேட்கை எடுத்தால் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை எத்தகையது என்பதைத் தம் உடம்பால் அறிந்தவர் அந்நிறுவனத்தைத் தொடங்கினார். நல்ல கட்டடம் எழுப்பும் பலருக்கு அவ்வறிவு வாய்ப்பதில்லை.

தண்டுவடம் சிதைந்தவர்க்குத் தோலில் உணர்ச்சி இராது. ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்பு அழுந்தும் இடத்தில் குருதியோட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் தோன்றும்; வலி இல்லாமையால் அவரே அதனை அறியமாட்டார். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டுமென வற்புறுத்தினார். அதுவரை இத்தகையோர் பெரும்பாலும் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் மாண்டனர். இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஒருவரைப் புரட்டிவிடும் பணியாளரின் கைகள் எந்தப் புகைப்படத்திலும் இடம்பெறுவதில்லை. அவருடைய ஊதியத்துக்கென நன்கொடை கேட்டால் தருவோரும் குறைவு.

குற்றாலத்துச் சாரல் ஊருக்கெல்லாம் இன்பம். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் இல்லத்தின் துணி துவைப்போருக்கு அது பெருங்கவலை. விரிப்புகள் உலர்வதில்லை. ஈரம் மாறாத விரிப்பில் முதியவரின் மெல்லிய தோல் எளிதில் வெந்துவிடும். கூரையிட்ட உலர்த்துமிடமும், படுக்கைக்குக் கூடுதலாகச் சில விரிப்புகளும் இப்பகுதியில் மருந்துக்கு நிகரான தேவைகள்.

இனி, உணவு. கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கம் இந்த அவையில் உள்ள பலருக்கு உண்டு. அது விரும்பி ஏற்ற நோன்பு. அதில் ஒரு நிறைவு இருக்கிறது. இல்லங்கள் சிலவற்றிலும் மாலை ஐந்தரை மணிக்கே இரவு உணவு முடிந்துவிடுகிறது. சமையல் செய்வோர் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதே அங்கே காரணம். ஐந்தரைக்கு உண்டவர் மறுநாள் காலை எட்டு மணி வரை பதினான்கரை மணி நேரம் காத்திருக்கிறார். நீரிழிவு மருந்து உட்கொள்பவர்க்கு இது தீங்காகவே முடியலாம். நேரம் ஒன்றாயினும், நோன்பு என்பது அவரவர் ஏற்பது. பிறர் வசதிக்காகச் சுமத்தப்படும் பசிக்கு அப்பெயர் பொருந்தாது. இரவு எட்டு மணிக்கு ஒரு குவளை பாலோ கஞ்சியோ வேண்டுமா என்று கேட்கும் வழக்கம் இருக்குமானால் அவ்வில்லத்தை நம்பலாம்.

அன்னதானம் வழங்குவோரும் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். பிறந்தநாளும் நினைவுநாளும் ஒரே நாளில் அமைந்தால் இலையில் மூன்று இனிப்புகள். மறுவாரம் முழுவதும் ஒன்றும் இராது. நன்கொடையாளர் வரும்வரை பசித்த முதியோர் இலை முன் காத்திருப்பதும், பின்னர்ப் படத்துக்காகக் கைகூப்புவதும் நடைபெறுகின்றன. கொடுப்பவர் இதனைத் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. எனினும் இன்னா செய்யாமையை உயிராகக் கொண்ட சமுதாயம் இந்தச் சிறு இன்னாமையையும் கவனிக்கத்தானே வேண்டும்?

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டந்தோறும் வறிய முதியோர் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க இல்லம் ஒன்றேனும் அமைப்பது பற்றிப் பேசுகிறது. மருத்துவ வசதியையும் பொழுதுபோக்கையும்கூட அது குறிப்பிடுகிறது. 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசிக்கும் அது உரியதே. ஆனால் படுக்கைகளை எண்ணுவது எளிது. காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும், யார் தம்மை நீராட்ட வேண்டும், கதவைத் தாழிட்டுக்கொள்ளலாமா என்பவற்றில் அங்கு வாழ்பவரின் சொல் எடுபடுகிறதா என்று அறிய, ஒருவர் அங்கே சென்று அமர்ந்து கேட்க வேண்டும்.

இவ்வாண்டு இல்லங்களுக்கு உதவ எண்ணும் அன்பர்கள் அங்குள்ளோரிடமே சென்று, என்ன வேண்டும் என்று வினவலாம். சாரலில் ஒருமுறை நனைய வேண்டும் என்று யாரேனும் கூறக்கூடும். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். சக்கர நாற்காலி ஏறத்தக்க ஒரு வண்டியும், தாங்கிப் பிடிக்க இருவரும் வேண்டும். கூட்டம் சேருமுன், விடியற்காலையில் புறப்பட வேண்டும்.