தெருவுக்கு யார் சொந்தக்காரர்?

(தொழிலாளர் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

மோட்டார் கார் நிறுத்தும் இடத்தைப் பற்றி இன்று பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். "சைக்கிளுக்கு டயர் மாற்றவே வழியில்லை, காரைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். கார் நம்முடையதல்ல, ஆனால் அது நிற்கிற தெரு நம்முடையது. ஆகவே கவனியுங்கள்.

வண்டி நிறுத்துமிடம் இரண்டு வகை. ஒன்று, தனியாருக்குச் சொந்தமான மனை. சினிமாக் கொட்டகைக்காரரோ பெரிய கடைக்காரரோ தம் சொந்த நிலத்தில் வேலி போட்டு, சீட்டுக் கிழித்துக் காசு வாங்குகிறார். அந்த வருமானம் அவருக்கு. நினைத்தபோது கதவைப் பூட்டவும் செய்வார்.

மற்றொன்று, பொதுத் தெரு. நம் வரிப்பணத்தில் போட்டது. அதில் பஸ் போகும், கட்டைவண்டி போகும், கலியாண ஊர்வலமும் போகும், நமது கொடி ஊர்வலமும் போகும். நகரசபை அதற்குத் தர்மகர்த்தா மாத்திரமே. தெருவோரத்தில் நாள் முழுதும் ஒருவரே காரை நிறுத்தி அடைத்துக்கொள்ளாதிருக்க, நகரசபை ஒரு கட்டணம் வைக்கலாம். அது நியாயமே. அந்தக் காசு பொதுக் கஜானாவுக்கு வருகிறது. கட்டணம் அதிகமென்றால் ஜனங்கள் கேட்கலாம். நாளைக்கே கார்களை விலக்கி அங்கே பஸ்ஸுக்கு வழிவிடச் சொல்லலாம். இந்த அதிகாரம் நம் கையில் இருப்பதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தை அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு சிகாகோ நகரமே சாட்சி. ஆம், 1886ல் எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளர் இரத்தம் சிந்திய அதே சிகாகோதான்!

2008 டிசம்பரில் அந்நகர மேயர் ரிச்சர்ட் டேலி, தெருவோரத்து மீட்டர்கள் சுமார் 36,000ஐயும் 75 ஆண்டுக் குத்தகைக்கு விட ஏற்பாடு செய்தார். எடுத்தது மார்கன் ஸ்டான்லி என்ற பெரும் பாங்கி முன்னின்று சேர்த்த முதலாளிக் கூட்டம். விலை சுமார் 115 கோடி டாலர். திட்டம் வெளியாகி இரண்டே நாளில் நகரசபை அதை 40க்கு 5 என்ற வாக்கில் நிறைவேற்றிவிட்டது. நம் ஊரில் சந்தை சைக்கிள் ஸ்டாண்டை ஏலம் விடுவதைப் பார்த்திருக்கிறோம். 75 ஆண்டுக்கு ஏலம் விட்டதைக் கேட்டதுண்டா?

விளைவைப் பாருங்கள். பல வட்டாரங்களில் மணிக்கு 25 சென்ட் இருந்த கட்டணம் 2009ல் ஒரு டாலராயிற்று. கடைத்தெரு மையத்தில் 3 டாலராக இருந்தது 2013க்குள் ஆறரை டாலராக ஏறிற்று. நகரத்தின் கணக்குகளைக் கண்காணிக்கும் அதிகாரியே 2009ல் அறிக்கை விட்டார்: நியாயமான மதிப்பைவிடச் சுமார் 97 கோடி டாலர் குறைவாக விற்றுவிட்டார்கள் என்று! வந்த பணத்தில் பெரும்பகுதியைச் சில ஆண்டுகளிலேயே பட்ஜெட் ஓட்டையை அடைக்கச் செலவழித்துவிட்டார்கள். முதலாளிகளோ போட்ட முதல் முழுவதையும் 2022க்குள் எடுத்துக்கொண்டார்கள். குத்தகையோ 2083 வரை ஓடும். விதைநெல்லை விற்று ஒரு வேளை விருந்து சாப்பிட்ட கதைதான்.

இதையும்விடக் கொடுமை ஒன்றுண்டு. தெருவைச் செப்பனிடவோ திருவிழா நடத்தவோ மீட்டர் இடங்களை ஓர் அளவுக்கு மேல் அடைத்தால், நகரசபை கம்பெனிக்கு நஷ்டஈடு தரவேண்டும். பஸ்ஸுக்கோ சைக்கிளுக்கோ தனிப் பாதை போட நினைத்தாலும் முதலில் இந்தக் கணக்கைத்தான் பார்க்கவேண்டும். தெருவின் பெயர் பொதுத் தெரு; அதன் லாபமோ தனியாருடையது! தன் மனையில் காசு வாங்குபவராவது மனைக்கு விலை கொடுத்து வாங்கினார். இங்கே ஜனங்களின் தெருவிலேயே, ஜனங்களிடமே வசூல் நடக்கிறது.

இதைத் தடுக்க முடியாதா? முடியும். பிட்ஸ்பர்க் என்ற எஃகு நகரத்திலும் மேயர் இதே மாதிரி 50 ஆண்டுக் குத்தகை கொண்டுவந்தார். சுமார் 45 கோடி டாலர் தருவதாகக் கம்பெனி ஆசை காட்டியது. 2010ல் நகரசபை அதை நிராகரித்தது. வண்டி நிறுத்துவதில் வரும் வருமானத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, நகர ஊழியர்களின் பென்ஷன் நிதிக்கு அதிலிருந்து ஒதுக்கியது.

தோழர்களே! குளமும் மேய்ச்சல் புறம்போக்கும் எப்படிக் கைமாறின என்பதை விவசாயத் தொழிலாளர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. முதலில் "குத்தகை" என்பார்கள். பிறகு வேலி வரும். ஆகவே உங்கள் ஊர் நகரசபையில் தெருவைப் பற்றி ஒப்பந்தம் வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எத்தனை ஆண்டு? கட்டணத்தை நிர்ணயிப்பது யார்? காசு எந்தக் கஜானாவுக்குப் போகும்? தெருவை நாம் திரும்பக் கேட்டால் யார் யாருக்குப் பணம் தரவேண்டும்?

கையெழுத்து விழுவதற்கு முன்பே கேட்கவேண்டும். சிகாகோ மக்கள் பிறகுதான் கேட்டார்கள்.