உறக்கம் ஓர் அமானிதம்

நஹ்மதுஹு வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஅத்.

 

அல்லாஹுதஆலா மனிதனுக்கு அருளியுள்ள நிஃமத்துகளுள் விலை கொடுத்து வாங்க முடியாத ஒன்று உறக்கம். அதனைத் தானே மனிதனுக்கு ஓய்வாக ஆக்கியிருப்பதாக அந்நபஃ அத்தியாயத்தின் 9ஆம் வசனத்தில் அவன் கூறுகிறான். பத்ரு யுத்தத்தின்போது முஃமின்களைச் சிற்றுறக்கம் சூழச் செய்து அவர்களுக்கு மன அமைதி வழங்கியதை அல்அன்ஃபால் 11ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறான். அர்ரூம் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்திலோ, இரவிலும் பகலிலும் மனிதன் உறங்குவதையும், இறையருளைத் தேடி அவன் உழைப்பதையும் ஒருசேரத் தன் அத்தாட்சிகளாகக் குறிப்பிடுகிறான். உறக்கமும் உழைப்பும் ஒரே வசனத்தில் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. ஒன்றை அழித்து மற்றொன்றை வளர்க்க நமக்கு உரிமையில்லை என்பதை நாம் இதிலிருந்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

உறங்காத ஊர்கள்

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் சுற்றுவட்டாரங்களில் ஒரு காலத்தில் இஷா தொழுகைக்குப் பின் ஊர் அடங்கிவிடும். இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு ரெனோ-நிஸான் ஆலை எழுந்தது. இன்று இரவு பகல் பாராமல் ஆலைகள் இயங்குகின்றன. காஞ்சிபுரம், வாலாஜாபாத், அரக்கோணம் எனப் பல ஊர்களிலிருந்தும் தொழிலாளர்களைக் கம்பெனிப் பேருந்துகள் ஏற்றி வருகின்றன. ஹலாலான ரிஸ்கின் வாசல்கள் திறந்திருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அந்த வாசல் வழியாகச் செல்பவரின் உடல்நிலை என்ன?

கணக்கிட்டுப் பாருங்கள். ஷிஃப்ட் 8 மணி நேரம். போக வரப் பயணம் 3 மணி நேரம். கடனை அடைக்க ஓ.டி. 4 மணி நேரம். ஆக 15 மணி நேரம் கழிந்துவிட்டது. மீதமுள்ள 9 மணி நேரத்தில் குளியல், உணவு, தொழுகை, கடைவீதி, மனைவி மக்கள் எல்லாம் அடங்க வேண்டும். கடைசியில் எதில் கைவைக்கிறோம்? உறக்கத்தில்தான்.

எவ்வளவு உறக்கம் தேவை?

வயது வந்தோர் நாள்தோறும் குறைந்தது 7 மணி நேரம் உறங்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அறிஞர்களின் அமைப்பு 2015ஆம் ஆண்டு அறிவித்தது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் தேவை என்று 2016இல் அதே அமைப்பு கூறியது. தொடர்ந்து குறைவாக உறங்குவோரிடம் நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம், மனச்சோர்வு ஆகியவை அதிகம் காணப்படுகின்றன. இரவு ஷிஃப்ட் வேலை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தி, 2019இல் அதனை உறுதி செய்தது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், மது அருந்தியவரின் கவனத்தைப் போலத் தடுமாறுவதாக 1997இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மதுவைத் தொடாத முஃமின், அதே தடுமாற்றத்தோடு அதிகாலையில் நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனம் ஓட்டலாமா?

நபிவழி காட்டும் நடுநிலை

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர்மீது உரிமை உண்டு என அறிவுறுத்திய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. ஸைனப் (ரலி) அவர்கள் தொழுகையில் சோர்ந்தால் பற்றிக்கொள்வதற்காகத் தூண்களுக்கிடையே கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் உத்தரவிட்டார்கள். இபாதத்துக்காகவே கண்ணின் உரிமையைப் பறிக்க அனுமதியில்லையெனில், ஓ.டி. பணத்துக்காக அதனைப் பறிக்கலாமா? சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்த தாவூத் (அலை) அவர்களின் இரவுத் தொழுகையை எடுத்துக்கொள்வோம். அவர்கள் பாதி இரவு உறங்கி, மூன்றில் ஒரு பங்கு நின்று வணங்கி, மீண்டும் ஆறில் ஒரு பங்கு உறங்கினார்கள். அதாவது இரவின் மூன்றில் இரண்டு பங்கு உறக்கம்! 9 மணி நேர இரவில் அது 6 மணி நேரம். நண்பகல் கைலூலாவையும் சேர்த்தால் இன்றைய மருத்துவர்கள் கூறும் அளவு ஏறத்தாழ நிறைவாகிறது.

இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். ஃபஜ்ரு ஜமாஅத்துக்கு 5 மணிக்கு எழ வேண்டியவர் 10 மணிக்குள் படுத்தால்தான் 7 மணி நேரம் கிடைக்கும். நள்ளிரவு வரை கைப்பேசியில் விழித்திருந்துவிட்டு ஃபஜ்ரைத் தவறவிடுவதற்கு ஷிஃப்ட் காரணமன்று; நாமே காரணம். உறக்கத்தில் குற்றமில்லை, விழிப்பில் செய்யும் அலட்சியத்திலேயே குற்றம் என்ற கருத்து ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது.

இரவுப் பணி செய்யும் சகோதரருக்கு

ஃபஜ்ரை ஆலையிலேயே இடைவேளையில் நிறைவேற்றிவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கு வீடு சேர்ந்ததும் காலதாமதமின்றி 8.30க்குப் படுத்து 12 மணிக்கு எழுந்தால் மூன்றரை மணி நேரம். ஜும்ஆவுக்குப் பின்னரே உண்டு, கைலூலா உறங்குவது ஸஹாபாக்களின் வழக்கம் என ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அவ்வாறே 2 மணி முதல் 5.30 வரை உறங்கி, வக்து முடியுமுன் அஸரைத் தொழுதுவிடலாம். ஜும்ஆவும் தவறாது, ஏழு மணி நேரமும் குறையாது.

தாய்மார்களே, சகோதரிகளே! பகலில் உறங்குபவரைச் சோம்பேறியென எண்ணாதீர்கள். சன்னலுக்குக் கனத்த திரையிடுங்கள்; தொலைக்காட்சியை அணையுங்கள்; சிலிண்டருக்கும் ரேஷனுக்கும் அவரை எழுப்பாதீர்கள். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து உடனே அடுப்படிக்குச் செல்லும் மருமகளின் கண்ணுக்கும் அதே உரிமை உண்டு என்பதை வீட்டார் மறக்கலாகாது.

பொறுப்பில் இருப்போருக்கு

2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்று, நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். நெரிசலான அறைகளில் தரையில் அவர்கள் உறங்கிவந்த நிலை அதன் பிறகே உலகுக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்து 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதாவும், எதிர்ப்புக்குப் பின் மே முதல் நாளன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். அவர்கள்மீது சக்திக்கு மீறிய சுமையைச் சுமத்தாதீர்கள் என்பது நபிமொழியின் சாரம். இது பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமன்று. கடை வைத்திருக்கும் நமக்கும், வெளியூர் இளைஞர்களுக்கு அறை வாடகைக்கு விடும் நமக்கும் உரியது. நால்வர் படுக்கும் அறையில் பத்துப் பேரை அடைத்து வாங்கும் வாடகையில் பரக்கத் எங்கிருந்து வரும்?

அன்பானவர்களே! ஓ.டி. இல்லாமல் அடுத்த மாதம் நகராது என்ற நிலையில் உள்ள குடும்பங்கள் நம் மஹல்லாவில் உண்டு. அவர்களிடம் உறங்குங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது முறையன்று. வட்டிக் கடனிலிருந்து அவர்களை மீட்க பைத்துல்மால் மூலம் வட்டியில்லாக் கடன் அளிக்க ஜமாஅத்தார் முன்வர வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் உழைப்பில் பரக்கத்தையும், உறக்கத்தில் ஆஃபியத்தையும், விழிப்பில் உன் திக்ரையும் தந்தருள்வாயாக! இரவில் உழைத்து அதிகாலையில் வீடு திரும்பும் எங்கள் பிள்ளைகளைச் சாலை விபத்துகளிலிருந்து காப்பாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.